புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு: ஃபிரேசல் வெர்ப்களைத் தமிழ்க் காதால் கேட்பது

கேள்வி இதுதான்: ஆங்கில ஃபிரேசல் வெர்ப்களை, அதாவது வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் 'கிவ் அப்', 'புட் ஆஃப்' போன்றவற்றை, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாயிற்று. படிக்கும்போது ஓரளவு புரிகிறது. பேசும்போதும் எழுதும்போதும் ஒன்றுகூட வருவதில்லை. அன்றாட வாக்கியங்களில் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது? நடுவில் பிரித்துப் போடலாமா, கூடாதா? அலுவலகக் கடிதத்தில் எழுதினால் மரியாதைக் குறைவாகத் தெரியுமா?

மூன்றுக்கும் சொல்கிறேன். ஆனால் ஆங்கிலத்திலிருந்து தொடங்காமல் தமிழிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவருகிறேன். இந்த ஒரு பாடத்தில் மட்டும் தமிழ் தெரிந்தவருக்குக் கையில் ஏற்கெனவே ஒரு திறவுகோல் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

'காட்டிக்கொடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவருக்குக் 'காட்டு' தெரியும், 'கொடு'வும் தெரியும். 'நண்பனைக் காட்டிக்கொடுத்தான்' என்று படித்தால் அப்படியே நின்றுவிடுவார். இரண்டு சொல்லையும் அகராதியில் தனித்தனியாகத் தேடினாலும் துரோகம் என்ற பொருள் கிடைக்காது. 'கண்டுபிடி'யில் யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. 'பார்த்துக்கொள்' என்றால் கண்ணால் பார்ப்பது மட்டும் இல்லை, பொறுப்பேற்பது. 'விட்டுக்கொடு' என்பதில் எந்தப் பொருளும் கைமாறுவதில்லை.

அது மட்டும் இல்லை. எழுதினேன், எழுதிவிட்டேன், எழுதிக்கொண்டேன், எழுதிவைத்தேன், எழுதிப்போட்டேன், எழுதித்தள்ளினேன். ஆறிலும் வேலை ஒன்றுதான், எழுதுவது. வேலை முடிந்ததா, எனக்காகச் செய்தேனா, பிறகு உதவும் என்று செய்தேனா, அளவில்லாமல் செய்தேனா என்பதையெல்லாம் பின்னால் ஒட்டும் சொல், அதாவது துணைவினை, சொல்கிறது. இதை நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டே வந்தது.

ஆங்கிலமும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டாமல் அப், ஆஃப், அவுட், டவுன், ஆன், ஓவர் என்று ஒரு சின்னச் சொல்லை ஒட்டுகிறது, அவ்வளவுதான். 'ரைட் டவுன்' என்பது எழுதிவை. 'த்ரோ அவே' என்பது தூக்கியெறி. 'டேர் அப்' என்பது கிழித்துப்போடு. 'லுக் ஆஃப்டர்' என்பது பார்த்துக்கொள். 'புட் ஆஃப்' எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 'புட்' என்றால் போடு, 'ஆஃப்' என்றால் விலகி, தள்ளி. ஆக, தள்ளிப்போடு. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, வரிசைதான் தலைகீழ். 'தே புட் ஆஃப் த மீட்டிங்' என்ற வாக்கியத்தைப் 'போஸ்ட்போன்' வழியாகச் சுற்றிவந்து புரிந்துகொள்ள வேண்டிய தேவையே ஒரு தமிழருக்கு இல்லை.

இது எல்லோருக்கும் கடினமான இடம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, வினையோடு சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது என்று முன்னுரையிலேயே எழுதினார். ஹீப்ரு பேசும் மாணவர்களைப் பற்றி 1985இல் வந்த ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. அவர்களுடைய மொழியில் இந்த அமைப்பு இல்லை. அதனால் ஆங்கிலம் எழுதும்போது ஃபிரேசல் வெர்ப்களைத் தவிர்த்துவிட்டு அதே பொருள் தரும் ஒற்றைச் சொல்லையே தேடிப் போனார்கள். நம்மில் பலரும் அதைத்தான் செய்கிறோம். 'கிவ் அப்' நாக்கு நுனியில் இருக்கும், வாயில் வருவது 'அபாண்டன்'. ஹீப்ரு பேசுகிறவருக்கு அந்தத் தயக்கம் நியாயம். துணைவினைகளிலேயே வாழ்கிற நமக்கு அது வேண்டாம்.

சரி, பட்டியல் ஏன் உதவவில்லை? பெரும்பாலான பட்டியல்கள் வினையை வைத்துத் தொகுக்கப்படுகின்றன. 'கெட்' தலைப்பில் கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் அவே, கெட் த்ரூ என்று இருபது வரும். 'கெட்' என்பது ஏறக்குறைய பொருளே இல்லாத சொல். பொருளைச் சுமப்பது பின்னால் வரும் சின்னச் சொல். சுமக்காத பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் எப்படி மனதில் நிற்கும்? பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். 'அப்' தலைப்பில் எல்லா அப், 'அவுட்' தலைப்பில் எல்லா அவுட். அப்போது ஒரு குடும்பச் சாயல் தெரியும்.

'அப்' என்பதிலிருந்தே தொடங்கலாம், அதுதான் அதிகம் குழப்புவது. நேரடிப் பொருள் மேலே. ஸ்டாண்ட் அப், கெட் அப், பிக் அப் மூன்றிலும் உடலோ பொருளோ நிஜமாகவே மேலே வருகிறது. அடுத்த படி, அளவு கூடுவது. தமிழில் விலை ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, குரல் உயர்கிறது. ஆங்கிலத்திலும் கூடுவதெல்லாம் மேலே போகிறது. 'ஸ்பீக் அப், ஐ கான்ட் ஹியர் யூ' என்றால் குரலை உயர்த்திப் பேசு. ஸ்பீட் அப், வார்ம் அப் எல்லாம் இந்த வகை.

மூன்றாவது பொருளில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'கிளீன் அப்' இவற்றில் எதுவும் மேலே போகவில்லை. இங்கே 'அப்' சொல்வது முழுமையை. ஒன்றும் மிச்சமில்லாமல் என்று அர்த்தம். நம் 'விடு', 'தீர்', 'முடி' செய்யும் வேலை இது. 'ஐ யூஸ்ட் த பேப்பர்' என்றால் காகிதத்தைப் பயன்படுத்தினேன். மிச்சம் இருக்கலாம். 'ஐ யூஸ்ட் அப் த பேப்பர்' என்றால் காகிதத்தைத் தீர்த்துவிட்டேன். இனிமேல் என்னிடம் காகிதம் கேட்காதே என்று அந்த ஒரு 'அப்' சொல்லிவிடுகிறது. 'கிவ் அப்' என்பதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். பிடித்திருந்ததை முழுவதுமாக விட்டுவிடுவது. 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டார். ஒன்றைக் கவனியுங்கள், 'கேவ் அப் டு ஸ்மோக்' வராது. 'கிவ் அப்' என்பதற்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்ந்தே வரும்.

நான்காவது, கண்முன் வந்து நிற்பது. 'ஷோ அப்', 'டர்ன் அப்' இரண்டும் வந்து சேர்வது. 'ஹி டிட்ன்ட் டர்ன் அப்' என்றால் வரேன் என்றவர் வரவே இல்லை. 'சம்திங் ஹேஸ் கம் அப்' என்பது அன்றாடப் பேச்சில் மிக உதவும் வாக்கியம். எதிர்பாராமல் ஒரு வேலை வந்துவிட்டது, அதனால் வர முடியவில்லை என்பதை விவரம் சொல்லாமல் நாகரிகமாகச் சொல்லலாம். 'பிரிங் அப்' என்றால் ஒரு பேச்சை எடுப்பது: 'டோன்ட் பிரிங் அப் தட் டாபிக்'. 'லுக் அப்' என்றால் அகராதியிலோ இணையத்திலோ தேடி எடுப்பது. எல்லாவற்றிலும் இல்லாத ஒன்று பார்வைக்கு வருகிறது.

'அவுட்' இவ்வளவு சிக்கல் இல்லை. உள்ளே இருந்தது வெளியே. மறைந்திருந்தது தெரியவந்தால் அது 'அவுட்'. தமிழிலும் உண்மை வெளிவந்தது, குட்டு வெளிப்பட்டது என்கிறோம். 'ஃபைன்ட் அவுட்', 'ஃபிகர் அவுட்', 'பாயின்ட் அவுட்' எல்லாம் இந்தப் பக்கம். இங்கே ஒரு குழி இருக்கிறது. தமிழில் தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம், காரணத்தையும் கண்டுபிடிக்கிறோம். அதனால் 'ஐ ஃபவுண்ட் அவுட் மை கீஸ்' என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. கையில் எடுக்கக்கூடிய பொருள் கிடைத்தால் வெறும் 'ஃபைன்ட்': 'ஐ ஃபவுண்ட் மை கீஸ்'. தகவல் தெரியவந்தால்தான் 'ஃபைன்ட் அவுட்': 'ஐ ஃபவுண்ட் அவுட் வொய் ஷி வாஸ் லேட்'.

'அவுட்'டுக்கு இன்னொரு முகம், தீர்ந்து அணைந்துபோவது. தீயை அணைப்பது 'புட் அவுட்', ஒரு மொழியோ உயிரினமோ அழிந்துபோவது 'டை அவுட்', துணி நைந்துபோவது 'வேர் அவுட்'. அன்றாடம் வேண்டியது 'ரன் அவுட் ஆஃப்'. தமிழில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று காகிதத்தை எழுவாயாக்குகிறோம். ஆங்கிலத்தில் ஆளை எழுவாயாக்கி 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்' என்பதுதான் அதிகம் காதில் விழும். 'த பேப்பர் ஹேஸ் ரன் அவுட்' என்பதும் சரியே. இரண்டையும் கலந்து 'த பேப்பர் ஹேஸ் ரன் அவுட் ஆஃப்' என்று நிறுத்திவிடக் கூடாது. ஆஃப் வந்தால் எது தீர்ந்தது என்பதும் பின்னாலேயே வர வேண்டும்.

இப்போது 'புட் ஆஃப்' என்பதில் வரும் 'ஆஃப்' ('ரன் அவுட் ஆஃப்' என்பதில் வருவது வேறு சொல்). முதலில் ஒரு வாக்கியம்: 'த அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்.' ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது, அதனால் நிறுத்தினேன். அடித்ததற்கும் ஆஃப், நிறுத்தியதற்கும் ஆஃப். வகுப்பில் இதை எழுதிப் போட்டால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். முரண் மாதிரி தெரிகிறது, ஆனால் வேர் ஒன்றுதான். 'ஆஃப்' என்பதன் அடிப்படை, ஒட்டியிருந்தது விலகுவது. அலாரம் அதுவரை அடக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது, பிடி விலகியதும் வெடித்துக் கிளம்பியது. வெடிகுண்டுக்கும் 'வென்ட் ஆஃப்' என்பதே சொல். இரண்டாவதில் மின்சாரத் தொடர்பு விலகியது, நின்றது. காலணியைக் கழற்றுவது 'டேக் ஆஃப்', விமானம் தரையை விட்டு எழும்புவதும் 'டேக் ஆஃப்'. காரில் வந்து ஒருவரை இறக்கிவிடுவது 'டிராப் ஆஃப்', வழியனுப்புவது 'ஸீ ஆஃப்'. கடனை முழுவதும் அடைத்து அதிலிருந்து விலகுவது 'பே ஆஃப்'. 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இரண்டையும் மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். முதலாவதில் கூட்டம் இன்னொரு நாள் நடக்கும். இரண்டாவதில் ரத்து, நடக்காது.

மற்றவை வேகமாக. 'ஆன்' பெரும்பாலும் தொடர்ச்சி: கோ ஆன், கேரி ஆன், மூவ் ஆன். 'டவுன்' குறைவதும் செயலிழப்பதும்: காம் டவுன், பிரேக் டவுன், ஷட் டவுன். கூடவே, தாளில் இறக்கி வைப்பது, அதாவது 'ரைட் டவுன்', 'நோட் டவுன்'. 'ஓவர்' ஒன்றின் மேலாகக் கடந்துபோவது. துக்கத்தையோ நோயையோ கடந்து வருவது 'கெட் ஓவர்', ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுவது 'லுக் ஓவர்', பொறுப்பை இன்னொருவர் கைக்கு மாற்றுவது 'ஹேண்ட் ஓவர்'. 'பேக்' நம் 'திருப்பி' தான்: கால் பேக் என்றால் திருப்பிக் கூப்பிடு, பே பேக் என்றால் திருப்பிக் கொடு.

இப்படி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. 'ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்' என்ற வாக்கியத்தில் 'அப்' எதற்கு என்று தோண்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. காட்டிக்கொடு எப்படி வந்தது என்று யோசித்தா பேசுகிறோம்? 'கெட் அவே வித்' என்றால் தப்பு செய்துவிட்டு மாட்டாமல் தப்பிப்பது. 'கம் அப் வித்' என்றால் ஒரு யோசனையைக் கண்டுபிடித்துச் சொல்வது. இப்படி மூன்று துண்டாக வரும் வினைகளை முழு வாக்கியமாகவே மனதில் வையுங்கள். எண்ணிக்கை அதிகம் இல்லை.

ஒரே ஃபிரேசல் வெர்ப்புக்குப் பல பொருள் என்பது அடுத்த புகார். 'மேக் அப்' என்பதில் முகத்துக்கு அலங்காரம் இருக்கிறது, கதை கட்டுவது இருக்கிறது, சண்டை போட்டவர்கள் சமாதானமாவது இருக்கிறது. ஆனால் உண்மையான பேச்சில் இவை மோதுவதே இல்லை. 'ஹி மேட் அப் எ ஸ்டோரி' என்றால் ஸ்டோரி காட்டிவிடும். 'தே ஃபாட், பட் தே மேட் அப்' என்றால் சண்டை காட்டிவிடும். நாமும் 'எடு' என்ற ஒரு சொல்லைப் படம் எடு, பசி எடுக்கிறது, முடிவு எடு, ஓய்வு எடு என்று புழங்குகிறோம். பக்கத்துச் சொல்லோடு சேர்த்துப் படித்தால் போதும். தனியே ஒரு சொல், எதிரே ஐந்து பொருள் என்று படிப்பதுதான் ஆபத்து.

இனி இரண்டாவது கேள்வி, பிரிப்பது. விதி சின்னது. செயப்படுபொருள் ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடத்திலும் வரும்: 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்'. இரண்டும் சரி. ஆனால் இட், தெம், ஹிம், ஹர், மீ போன்ற பிரதிப்பெயர் வந்தால் கட்டாயம் நடுவில்தான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்பது ஆங்கிலக் காதுக்கு உடனே உறுத்தும். 'பிக் மீ அப் அட் சிக்ஸ்', 'கால் ஹர் பேக்', 'த்ரோ தெம் அவே'. இலக்கணமாகப் படித்தால் மறந்துவிடும். இந்த நான்கைந்து வாக்கியங்களை வாய்விட்டுப் பத்து நாள் சொன்னால் நாக்கே திருத்திக்கொள்ளும்.

காரணமும் சொல்கிறேன். ஆங்கில வாக்கியத்தில் புதிய, கனமான செய்தி கடைசியில் வர விரும்பும். 'இட்' என்பது ஏற்கெனவே இருவருக்கும் தெரிந்த பொருள், எடையில்லாத சொல், அது கடைசி இருக்கைக்குத் தகாது. அதே காரணத்தால், செயப்படுபொருள் நீளமாக இருந்தால் அது கடைசிக்குத்தான் போகும். 'ஷி த்ரூ அவே ஆல் த ஓல்ட் லெட்டர்ஸ் தட் ஹர் ஃபிரெண்ட் ஹேட் சென்ட்' என்பது சுகமாக இருக்கிறது. அந்த 'அவே' கடைசியில் வந்தால் கேட்பவர் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாமே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹர்' தான், 'லுக் ஹர் ஆஃப்டர்' கிடையாது. 'லுக் ஃபார் இட்', 'கெட் ஓவர் இட்', 'ரன் இன்டு ஹிம்' எல்லாம் அப்படியே நிற்கும். எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் நம்பும் வழி காது. பிரியும் வகையில் அழுத்தம் சின்னச் சொல்லில் விழும்: டர்ன் இட் 'ஆஃப்', பிக் இட் 'அப்'. ஆஃப்டர், ஃபார், அட் போன்ற சொற்கள் வரும் பிரியாத வகையில் அழுத்தம் வினையில் விழும்: 'லுக்' அட் இட், 'லுக்' ஃபார் இட். ஓவர், த்ரூ மாதிரி சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும், அவற்றில் காது ஏமாறலாம். மற்றபடி ஆங்கிலம் கேட்கும்போது எந்தச் சொல் அழுந்துகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மொழியியல் பாடங்களில் ஒரு பழைய சோடி உண்டு. 'ஹி ரேன் அப் எ ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்'. முதலாவதில் மலைமேல் ஓடினார், இரண்டாவதில் கடனை ஏற்றிக்கொண்டார். பார்வைக்கு ஒரே அமைப்பு. ஆனால் 'ஹி ரேன் இட் அப்' என்று பில்லைச் சொல்லலாம், மலையைச் சொல்ல முடியாது. மலையில் 'அப்' ஹில்லோடு ஒட்டியிருக்கிறது, கடனில் 'அப்' ரன்னோடு ஒட்டியிருக்கிறது. சின்னச் சொல் யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், இந்தப் பாடம் ஏறக்குறைய முடிந்தது.

நாம் அன்றாடத் தமிழில் 'லைட்டை ஆஃப் பண்ணு', 'ஃபேனை ஆன் பண்ணு' என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியபோது 'டர்ன்', 'ஸ்விட்ச்' இரண்டையும் விட்டுவிட்டு ஆஃப், ஆன் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். பொருள் எங்கே இருக்கிறது என்பதை நம் மொழி சரியாகக் கண்டுகொண்டிருக்கிறது! சிக்கல் திரும்பிப் போகும்போதுதான். 'ஆஃப் த லைட்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறோம், அங்கே வினை வேண்டும்: 'டர்ன் ஆஃப் த லைட்'. மேக்கப், செக்கப், செட்டப், பிரேக்டவுன், லாக்அவுட் என்று இன்னும் எத்தனையோ தமிழில் பெயராகப் புழங்குகின்றன. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஃபிரேசல் வெர்ப் இருக்கிறது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. பெயராக வரும்போது ஆங்கிலத்தில் சேர்த்தோ இடையில் சிறு கோடு போட்டோ எழுதி முதல் பகுதியை அழுத்துவார்கள், வினையாக வரும்போது பிரித்து எழுதிப் பின்பகுதியை அழுத்துவார்கள். 'லாகின் பேஜ்' என்பதில் ஒரே சொல், 'ப்ளீஸ் லாக் இன்' என்பதில் இரண்டு சொல். மின்னஞ்சல்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழைகளில் இதுவும் ஒன்று.

வேறு இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். 'கோப் அப் வித்' என்று ஒன்று கிடையாது. 'கோப் வித்' மட்டும்தான். 'புட் அப் வித்', 'கீப் அப் வித்' போன்றவற்றின் சாயலில் நடுவே ஓர் அப் நுழைந்துவிட்டது. அப்புறம், 'பாஸ் அவுட்'. படிப்பை முடித்து வெளிவந்தேன் என்ற பொருளில் நம்மிடையே புழங்குகிறது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவரிடம் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்றால் அவர் முதலில் நினைப்பது, நீங்கள் மயங்கி விழுந்தீர்கள் என்று. 'ஐ கிராஜுவேட்டட்' என்று சொல்வது பாதுகாப்பு.

எத்தனை கற்க வேண்டும்? அகராதிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அதைக் கண்டு மலைக்க வேண்டாம். டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இருவர் 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற தொகுப்பை அலசி 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பில் வரும் ஃபிரேசல் வெர்ப் பயன்பாட்டில் ஏறக்குறையப் பாதியை வெறும் 100 ஃபிரேசல் வெர்ப்களே சுமக்கின்றன என்று அதில் தெரிந்தது. கோ ஆன், பிக் அப், கம் பேக், ஃபைன்ட் அவுட், பாயின்ட் அவுட், செட் அப் போன்றவைதான் முன்வரிசை. நூறு என்பது மூன்று நான்கு மாதத்தில் கைவரக்கூடிய எண்ணிக்கை.

அவற்றை வாய்க்குக் கொண்டுவர நான் சொல்லித்தரும் பயிற்சி ஒன்றே ஒன்று. இரவில் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வாக்கியம் தமிழில் எழுதுங்கள், பேசுவது போலவே. துணைவினை வந்த இடத்தில் கோடிடுங்கள். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் ஆங்கிலம் தேடுங்கள். 'ஷூவைக் கழற்றிப் போட்டேன்' என்றால் 'ஐ டுக் ஆஃப் மை ஷூஸ்'. 'துணிகளை எடுத்துவைத்தேன்' என்றால் 'ஐ புட் அவே த க்ளோத்ஸ்'. 'நம்பரைக் குறித்துக்கொண்டேன்' என்றால் 'ஐ ரோட் டவுன் த நம்பர்'. 'கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன்' என்றால் 'இன் தி எண்ட், ஐ கேவ் இன்'. எல்லாத் துணைவினைக்கும் ஒரு சின்னச் சொல் கிடைக்காது, சில இடத்தில் வெறும் வினையே போதும். ஆனால் தேடுகிற அந்த நிமிடத்தில் சொல் உங்கள் நாளோடு ஒட்டிக்கொள்கிறது. பட்டியலில் படித்த 'புட் அவே' மறந்துபோகும், உங்கள் துணியை மடித்து வைத்த 'புட் அவே' மறக்காது.

மூன்றாவது கேள்வி, அலுவலகக் கடிதம். ஃபிரேசல் வெர்ப் என்றால் கொச்சை என்ற எண்ணம் எப்படி வந்தது என்று பார்த்தால் வரலாறு தெரியும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. அந்த வழியில் வந்த சொற்களுக்கு ஓர் உயர்ந்த தோரணை ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் வயலிலும் பேசிய ஆங்கிலத்தின் வினைகள் சாதாரணமாகத் தோன்றின. இன்றும் 'டாலரேட்' கோட்டு போட்டு நிற்கிறது, 'புட் அப் வித்' வீட்டு உடுப்பில் நிற்கிறது. 'போஸ்ட்போன்' என்ற கம்பீரமான சொல்லை உடைத்துப் பார்த்தால், லத்தீனில் 'பின்னால் வை' என்பதுதான் பொருள். அதுவும் கிட்டத்தட்ட நம் தள்ளிவை.

ஆகவே எல்லா ஃபிரேசல் வெர்ப்பும் கொச்சை இல்லை. 'கேரி அவுட்' ஆய்வுக் கட்டுரைகளில் சாதாரணமாக வருகிறது. 'பாயின்ட் அவுட்', 'செட் அப்', 'ஃபாலோ அப்' எந்தக் கடிதத்திலும் தயங்காமல் எழுதலாம். 'மெஸ் அப்', 'ஹேங் அவுட்' போன்றவற்றை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவற்றுக்கு என் தீர்ப்பு இது: தெரிந்தவருக்கு எழுதும் மின்னஞ்சலில் ஃபிரேசல் வெர்ப்பே நல்லது. 'ஐ வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ' என்பதில் ஒரு மனிதர் பேசுகிறார். அதையே 'இன்வெஸ்டிகேட்', 'ரெஸ்பாண்ட்' என்று மாற்றினால் ஓர் அலுவலகம் பேசுகிறது. சட்ட விஷயம், புகார், முன்பின் தெரியாத உயர் அதிகாரி என்றால் ஒற்றைச் சொல்லுக்குப் போகலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் பலரும் எழுதும் 'லுக் ஃபார்வர்ட் டு' மட்டும் பாக்கி. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்பது தவறு. இங்கே 'டு' என்பது வினைக்கு முன்னால் வரும் 'டு' இல்லை. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு த மீட்டிங்', 'டு யுவர் ரிப்ளை' என்று பெயர்ச்சொல்லை ஏற்கும் 'டு' அது. அதனால் வினை வந்தாலும் பெயர் மாதிரி 'இங்' போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'லுக்' என்று எழுதினால் சற்று முறையானது, 'ஐ ஆம் லுக்கிங்' என்று எழுதினால் சற்று நெருக்கமானது. யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.